கொள்ளைநோயும் இலவச வைத்தியமும்: திம்புள்ள தோட்டங்களின் சரித்திரத்திலிருந்து

காசு வாங்காமல் வைத்தியம் செய்யும் ஒரு நாட்டிலே கொள்ளைநோய் ஒன்று பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்நோய் தீண்டாத ஏனைய நோயாளர்கள், பிரஷர்க்காரரும் சீனி வருத்தக்காரரும் கர்ப்பிணிப் பெண்களும் ஊசி போடவேண்டிய கைக்குழந்தைகளும், வழக்கம்போல் வைத்தியசாலைக்குப் போவார்களா, போகமாட்டார்களா? இக்கேள்வியை முதன்முதல் என் மனத்தில் எழுப்பியது பல்கலைக்கழகத்துப் புத்தகம் எதுவுமன்று. என் அப்பாயியின் கிளினிக் கொப்பியே. மாதம் ஒருமுறை திகதியும் பிரஷர் அளவும் குளிசைகளின் பெயரும் அதில் எழுதப்பட்டிருக்கும். ஆறு ஆண்டுகளாக ஒரு மாதமேனும் தவறாத அந்த வரிசை 2020 மார்ச் மாதத்தோடு அறுந்து, நான்கு மாதம் கழித்து வேறொருவர் கையெழுத்தில் மீண்டும் தொடங்குகிறது. சரித்திரம் படிக்கிற மாணவனுக்கு இத்தகைய வெற்றிடம் ஒரு கல்வெட்டுக்குச் சமானம்.

இலவசம் என்றால் தடையில்லை என்பது பொதுவான எண்ணம். எமது நாடோ இலவச வைத்தியத்துக்குப் பேர்போன நாடு. ஆகவே கொள்ளைநோய்க் காலத்திலும் இங்கே சாதாரண வைத்தியம் குறைவின்றி நடந்திருக்கும் என்று பிற நாட்டார் எண்ணக்கூடும். திம்புள்ள பள்ளத்தாக்கிலே, தலவாக்கலையிலும் லிந்துலையிலும் அக்கரப்பத்தனையிலும் ஏறக்குறைய 150 ஆண்டுகளாக நடந்துவந்ததைப் பார்த்தால் அவ்வாறு சொல்ல மனம் வரவில்லை. இங்கே தொழிலாளி மருந்துக்குக் காசு எண்ணிக் கொடுத்த காலம் குறைவு. ஆயினும் அவன் கொடுத்த விலை ஒன்று எக்காலத்திலும் இருந்தது. கொள்ளைநோய் வந்தபோதெல்லாம் அவ்விலை ஏறியது.

கோப்பிக் காலத்திலிருந்து தொடங்குவோம். தமிழகத்துப் பஞ்சத்தால் துரத்தப்பட்ட எம்முன்னோர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை எனப்பட்ட காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியும் வைசூரியும் காட்டுக்காய்ச்சலும் அவர்களோடு கூடவே நடந்தன. வழியில் விழுந்தவர்களின் தொகை எவ்வளவு என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். விழுந்தார்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. தோட்டத்தை அடைந்தபின் நோயுற்றவன் கதி இன்னும் பரிதாபம். மண்வெட்டி பிடிக்க இயலாதவனை வைத்துப் பராமரிக்க விரும்பாத துரைமார் பலர் இருந்தனர். தெருவோரங்களிலே கைவிடப்பட்டுக் கிடந்த நோயாளிகள் அரசாங்கத்துக்கே தலையிடியாயினர்.

இந்நிலையில்தான் 1872ஆம் ஆண்டிலே, குடியேறிய தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் பற்றிய கட்டளைச்சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. வைத்திய உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட்டார்கள். செலவு தோட்டக்காரர் தலையில் விழுந்தது. 1880களில் அரசாங்க வைத்தியப் பகுதி நேரே பொறுப்பெடுத்தபோது, அச்செலவுக்காகத் தோட்ட விளைபொருள்களின் ஏற்றுமதிக்கு வரி விதிக்கப்பட்டது. கிராமத்துச் சிங்களவருக்கும் யாழ்ப்பாணத்துத் தமிழருக்கும் அக்காலத்தில் இல்லாத சட்டம் இது. யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்பித்த காலத்தின் இறுதியும் ஏறக்குறைய இதுவே. அங்கே கருணையில் பிறந்த வைத்தியம் இங்கே கணக்கில் பிறந்தது என்று சொன்னால் அது மிகையன்று. ஆள் செத்தால் முற்பணமும் போச்சு, அறுவடையும் போச்சு என்ற கணக்கு அது. ஆதலால் அச்சட்டத்தின் கண் முழுவதும் கொள்ளைநோயின்மேலேயே இருந்தது. இருமலையும் முதுகுவலியையும் பிரசவத்தையும் அது பெரிதாகப் பார்க்கவில்லை.

1869இல் கோப்பி இலையில் கண்ட துருநோய் அந்தக் கணக்கையும் மாற்றிவிட்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1885இல் புகையிரதம் நானுஓயாவுக்கு ஏறிவந்தபோது திம்புள்ள மலைகள் முழுவதும் பச்சையாகிக்கொண்டிருந்தன. கோப்பிக்குப் பருவத்தில் ஆள் போதும். கொழுந்துக்கோ வருடம் முழுவதும் கை வேண்டும், அதிலும் பெண்களின் கை வேண்டும். வந்து போனவர்கள் லயத்தில் தங்கினார்கள். தங்கியவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தன. பத்தடிக் காம்பிராவில் புகையோடும் ஈரத்தோடும் வாழ்வோருக்கு வரும் வருத்தங்கள் யாவும் அன்றாட வருத்தங்களாயின. சட்டம் இதனை உணர 1912ஆம் ஆண்டுவரை ஆயிற்று. அவ்வாண்டில் வந்த இரண்டு கட்டளைச்சட்டங்கள், லயங்களைச் சுத்தமாக வைத்திருப்பதும், நோயாளியைக் கவனிப்பதும், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு உணவளித்து வேலைக்கு அழையாமல் இருப்பதும் துரையின் கடமை என்றன. தோட்டந்தோறும் மருந்துச்சாலைகள் பெருகின. பிரட்டுக்களத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு தகரக் கொட்டகை. அதிலே டிஸ்பென்சர் ஐயா. வரிசையில் நிற்போர் கையில் கழுவிய வெற்றுப் போத்தல். எங்கள் தாத்தாமாரின் நினைவில் வைத்தியம் என்றால் அந்தப் போத்தலில் வாங்கிய கலவை மருந்துதான். அதற்கு யாரும் காசு கேட்கவில்லை.

ஆனால் மருந்துக்குப் போன நேரத்தில் மலைக்குப் போகமுடியாது. மலைக்குப் போகாதவருக்குப் பேர் இல்லை. எமது மலரின் வாசகரில் பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகளாகையால், பேர் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. வெளியார்க்காக ஒரு சொல்: செக்ரோலிலே ஒருவர் பெயருக்கு எதிரே அன்றைய வேலை பதியப்படுவதே பேர், பாதி நாள் செய்தால் அரைப்பேர், இல்லாவிட்டால் அன்று சம்பளம் இல்லை. வைத்தியம் இலவசந்தான். வைத்தியத்துக்குப் போகும் நாள் இலவசமல்ல. மேலே நான் சொன்ன விலை இதுவே. அதனோடு தூரமும் பயமும் சேர்ந்துகொள்ளும்.

பயத்தின் கதை மண்டபத்தில் தொடங்குகிறது. 1914இல் கொழும்பிலே பிளேக் நோய் தோன்றியது. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. தோட்டங்களுக்கு வருவோர் அனைவரும் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்ட பின்னரே படகேற விடப்பட்டார்கள். நோய் காக்க அது வேண்டியதே. பிளேக்கும் வாந்திபேதியும் மலைக்கு ஏறாமல் தடுத்ததில் அம்முகாமுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயினும் எங்கள் மக்கள் மேல்நாட்டு வைத்தியத்தை முதலிற் கண்டது கம்பிவேலிக்கு உள்ளே என்பதை மறக்கலாகாது. காம்ப் என்ற சொல் அன்று நாவில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. மலையில் அம்மை கண்ட வீட்டிலே வேப்பிலை செருகி, மாரியம்மனுக்கு நேர்ந்து, வெளியார் காலடி படாமல் காத்தார்கள். இதனை மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். வேப்பிலை செருகிய வீட்டுக்குள் பிறர் போகமாட்டார்கள், நோயாளி தனித்திருப்பார், குளிர்ந்த ஆகாரம் கிடைக்கும், எவரும் அவரைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகமாட்டார்கள். முகாமில் இல்லாதது இந்தக் கடைசி ஒன்றே.

1918, 1919ஆம் ஆண்டுகளின் இன்புளுவென்சா இலங்கை முழுவதிலும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குறைத்தது என்று பிற்கால ஆய்வொன்று கணித்திருக்கிறது. அதற்கு மருந்து எங்குமே இல்லாததால் இலவசம் பற்றிய பேச்சுக்கு இடமில்லை, மேலே செல்வோம்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே, 1916இல், மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை அமெரிக்க ரொக்பெல்லர் தாபனம் ஆரம்பித்தது. மற்றத் தோட்டப் பகுதிகளுக்கும் அது பரவியது. இது திடீரென வந்து கொல்லும் நோயன்று. வெறுங்காலில் நடப்போரின் இரத்தத்தை மெல்ல மெல்லக் குடிக்கும் நோய். ஆனால் அதைத் தாக்கிய முறை கொள்ளைநோயைத் தாக்கும் முறை. எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, மருந்தும் அதற்குமேல் பேதி உப்பும் கொடுத்தார்கள். ஒரு சதம் வாங்கவில்லை. என்றாலும் பலர் ஒளிந்தார்கள். வாயில் வாங்கியதைத் துப்பினார்கள். பேதி குடித்தவன் அன்று மலை ஏறமுடியாது என்பது ஒரு காரணம். மற்றொன்று, கக்கூஸ் இல்லாத லயத்திலே மருந்து குடித்தவனுக்கு மறுபடியும் புழு ஏறியது. வந்து, மருந்து ஊற்றி, எண்ணிக்கை எழுதிக்கொண்டு போவதால் நோய் தீராது என்பதை அத்தாபனத்தாரே கண்டுகொண்டார்கள். 1926இல் களுத்துறையிலே நிறுவப்பட்ட முதலாவது சுகாதாரப் பகுதி அந்த ஞானத்தின் பயனே: ஒரு வட்டாரத்துக்கு ஒரு வைத்திய அதிகாரி, பரிசோதகர், மருத்துவமாதர், வீடு வீடாகப் போவார்கள், போனவர்கள் மறுபடியும் போவார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து வேதபாட வகுப்பிலே நல்ல சமாரியன் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். காயம் கட்டியதும், சத்திரக்காரனுக்குப் பணம் கொடுத்ததும் எனக்கு மனப்பாடம். திரும்பி வருவேன் என்று அவன் சொல்லிப்போனதை இக்கட்டுரைக்காக வாசித்தபோதுதான் கவனித்தேன்.

இனி 1934. அவ்வாண்டு மழை பொய்த்தது. களனி, மா ஓயா, தெதுறு ஓயா ஆகிய ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்றன. மலேரியா நுளம்பு அக்குட்டைகளிலே பெருகியது. ஒக்டோபர் மாதம் தொடங்கிய காய்ச்சல் கேகாலை, குருநாகல் மாவட்டங்களைச் சூறையாடி, அடுத்த ஆண்டு முடிவதற்குள் 80,000 பேர்வரை கொன்றது. திம்புள்ள தோட்டங்கள் உயரத்தில் இருந்தபடியால் ஏறக்குறைய தப்பின. ஆனால் எங்கள் வைத்திய சரித்திரத்தில் அக்காய்ச்சல் எங்களைத் தொடாததே பெரிய விஷயம். ஏனெனில் கீழ்நாட்டிலே அதன்பின் நடந்தது இங்கே நடக்கவில்லை.

கீழ்நாட்டிலே நடந்தது என்ன? கொயினா இலவசமாக வழங்கும் தற்காலிக நிலையங்கள் ஊர்தோறும் திறக்கப்பட்டன. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள், வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, கலாநிதி என். எம். பெரேரா முதலானோர், மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குள் நடந்தார்கள். அதுவரை நாட்டு வைத்தியரையன்றி வேறொருவரை அறியாத கிராமவாசி, மேல்நாட்டு மருந்தை இலவசமாகவும் வீட்டண்டையிலும் கண்டான். காய்ச்சல் ஓய்ந்தபின் அவன் அதை விடவில்லை. 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை அவன் கையில் இருந்தது. வைத்தியசாலை கேட்டு வாக்குப் போட்டான். அரசாங்க சபை உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தொகுதிக்கு ஒரு மருந்தகம், ஒரு பிரசவ விடுதி என்று போராடி வாங்கினர். இவ்வாறு கொள்ளைநோய்க்காகத் திறந்த கதவு சாதாரண நோய்க்கும் திறந்தே நின்றது. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிக்கப்பட்டபோது, ஏற்கெனவே நடக்கப் பழகிய பாதையில் இருந்த கடைசிக் கல்லை அகற்றியதுபோலாயிற்று.

எங்கள் பக்கத்திலோ 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதிக்குக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தெரிவானார், அவரோடு மலையகத் தமிழர் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரேனும் தெரிவாகவில்லை. வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: 1948, 1951, 1952. நாடு முழுவதற்கும் இலவச வைத்தியம் பிறந்த அதே நேரத்தில் அதைக் கேட்டு வாங்கும் வாய் எங்களுக்கு அடைபட்டது. தோட்ட வைத்தியம் தோட்டக் கம்பனியிடமே விடப்பட்டது. கிராமத்துத் தாயின் வாசலுக்குப் போன அரசாங்க மருத்துவமாது தோட்டத்து எல்லைக் கல்லண்டை நின்றுவிட்டார். நாட்டிலேயே முதன்முதல் சட்டத்தால் இலவச வைத்தியம் பெற்றவர்கள், அதன் கனியைக் கடைசியில் பெற்றவர்களானோம். 1970களிலே தோட்டப்புறத்துச் சிசு மரண வீதம் நாட்டின் சராசரியிலும் மிக உயர்ந்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதே என் முடிபு.

இவ்வளவும் சொன்னதால் கட்டணம் இல்லாமையை நான் அற்பமாக எண்ணுகிறேன் என்று கொள்ளவேண்டாம். 1971இல் வெளிநோயாளர் ஒருவர் வைத்தியசாலைக்குப் போகும் ஒவ்வொரு தடவைக்கும் 25 சதம் அறவிடப்பட்டது. வருவோர் தொகை குறைந்தது. 1977இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. அதனை விதித்த அரசாங்கத்தின் நிதி அமைச்சர், 1934இல் மருந்து சுமந்த அதே என். எம். பெரேரா. சரித்திரத்தில் இப்படியும் நேர்கிறது. 25 சதத்துக்கே வரிசை குறையுமானால், ஒரு முழுப் பேர் இழப்புக்கு எவ்வளவு குறையும்? 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசாங்கத்தின் உடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. 1990களிலிருந்து சில தோட்ட வைத்தியசாலைகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பெடுத்தது. அரசாங்க மருத்துவமாதர் சிறிது சிறிதாக லயங்களுக்குள் வந்தார்கள். எல்லைக் கல்லைத் தாண்ட ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது.

உலகத்தின் பிற பாகங்களிலும் இதே சங்கதிதான். தைவான் தீவிலே 1995முதல் யாவருக்கும் சுகாதாரக் காப்புறுதி உண்டு. 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது அங்கே வெளிநோயாளர் வருகை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. வைத்தியசாலையில் தங்குவோர் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தனர். கட்டணம் ஏறியதாலன்று, வைத்தியசாலைதான் நோய் ஒட்டும் இடம் என்ற அச்சத்தால். ஆபிரிக்காவின் சியரா லியோன் நாட்டுக் கதை இன்னும் துயரமானது. 2010 ஏப்ரலில் அந்நாட்டரசு கர்ப்பிணிகளுக்கும் பால்கொடுக்கும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் வைத்தியத்தை இலவசமாக்கியது. பெண்கள் வரத் தொடங்கினர். 2014இல் எபோலா வந்தது. கட்டணம் திரும்ப விதிக்கப்படவில்லை. ஆயினும் பெண்கள் நின்றுவிட்டார்கள். 2014, 2015ஆம் ஆண்டுகளில் அவ்வாறு வைத்தியம் நாடாமையால் மேலதிகமாக நேர்ந்த தாய், சேய் மரணங்களும் செத்துப்பிறந்த சிசுக்களும் குறைந்தது 3,600 என்று ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. எபோலாவினால் அங்கே இறந்தோர் தொகை ஏறக்குறைய 4,000. கொள்ளைநோய் தன் கையால் கொன்றது ஒரு பங்கு. பூட்டாத கதவுக்கு வெளியே நின்று இறந்தவர்கள் ஏறக்குறைய மற்றொரு பங்கு.

இப்போது 2020க்கும் அப்பாயியின் கொப்பிக்கும் வருவோம். மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. தேயிலைத் தொழிலுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே எங்கள் தோட்டத்தில் மலைக்குப் போகலாம், கொழுந்து நிறுக்கலாம், ஸ்டோருக்கு லொறி ஓடும். கிளினிக்குக்குப் போக பஸ் மட்டும் இல்லை. கொழுந்து எடுக்கும் கைக்குத் திறந்த வழி, மருந்து வாங்கும் கைக்கு அடைபட்டது. இதனை நான் கோபத்தோடு எழுதவில்லை. அக்காலத்தில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது என்பதையும், மலைக்குப் போயிராவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திராது என்பதையும் அறிவேன். ஆனால் 1872இல் போட்ட கணக்கு எனக்கு ஞாபகம் வருகிறது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. கிளினிக் நோயாளரின் மருந்துகளைத் தபாலில் அனுப்ப ஏற்பாடு செய்தது. மேல்நாடுகள் பலவும் நினைத்திராத நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். ஆனால் லயத்துக்குத் தபாற்காரர் வருவதில்லை. கடிதம் தோட்டத்து ஒவ்வீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். அப்பாயியின் பொட்டலம் அங்கே எத்தனை நாள் கிடந்தது என்பது எங்களுக்குப் பின்னரே தெரிந்தது. அதற்குள் அவர் தம் புத்திக்கு எட்டியபடி ஓர் உபாயம் செய்திருந்தார். கையிலிருந்த குளிசைகளைப் பாக்குவெட்டியால் இரண்டாக வெட்டி, நாளுக்குப் பாதி விழுங்கிவந்தார். ஒரு மாத மருந்து இரண்டு மாதம் வந்தது என்று பெருமையாகவும் சொன்னார். பாதி மருந்து பாதி நோயைக் காக்கும் என்ற கணக்கு அவருடையது.

மே மாதத்தில் ஊரடங்கு தளர்ந்தது, பஸ் ஓடியது. அப்போதும் அவர் போகவில்லை. இருமினால் காம்புக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று லயத்திலே பேச்சு. மண்டபத்தைக் கண்ணால் கண்டவர் எங்கள் லயத்தில் ஒருவரும் இன்று இல்லை. பயத்துக்கு மாத்திரம் அந்தப் பெயர் நினைவிருந்தது. அதோடு, தம்மைக் கூட்டிப்போக அம்மா ஒரு பேர் விடவேண்டும் என்பதும் அவர் மனத்தில் உறுத்தியது. நாட்சம்பளம் 700 ரூபாய் என்றிருந்த காலம் அது. “ஒனக்கு ஏன் வீணா ஒரு பேர் போகணும், நான் நல்லாத்தானே இருக்கேன்” என்று அம்மாவைத் தடுத்துவிடுவார்.

அதே மாதங்களில் அதே லயத்தில் இன்னொன்றும் நடந்தது. அக்காவின் கைக்குழந்தைக்கு ஊசி போடவேண்டிய திகதி ஊரடங்குக்குள் விழுந்தது. சில வாரங்கள் பிந்தின. பின் ஒருநாள் மருத்துவமாது முகக்கவசத்தோடு லயத்துப் படிகளில் ஏறி வந்து, கையிலிருந்த பெரிய கொப்பியைத் திறந்து, பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டார். இன்ன நாள் இன்ன இடத்துக்கு வா என்றார். வராவிட்டால் தாமே மறுபடி வருவதாகவும் சொல்லிப் போனார். பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்று. ஊசியும் இலவசம், பிரஷர்க் குளிசையும் இலவசம். பேரப்பிள்ளையின் பெயர் இருந்த கொப்பியை ஒருவர் சுமந்துகொண்டு வந்தார். அப்பாயியின் பெயர் இருந்த கொப்பி அப்பாயியின் தலைமாட்டிலேயே இருந்தது. ஒரே லயத்தில், ஒரே காம்பிராவில், இலவச வைத்தியம் ஒருவரை எட்டி மற்றவரை எட்டாமற்போனதற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க அவர் வலக்கை மடங்கவில்லை. பேச்சும் குழறியது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்ததும் அம்புலன்ஸ் வண்டி வந்தது, அதுவும் இலவசமே. வைத்தியசாலையில் அவரை நன்றாகவே பார்த்தார்கள். 11 நாள் இருந்தார். ஒரு சதம் செலவில்லை. ஜூலையில் தொடங்கும் அந்த வேறு கையெழுத்து அங்குள்ள வைத்தியருடையது. அப்பாயி இன்று ஊன்றுகோலோடு பீலியடிவரை நடப்பார்; வலக்கையால் சோறு பிசைய மாத்திரம் இயலாது.

கொப்பியில் இன்னும் ஓர் இடம் உண்டு. 2022ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் அடங்கிவிட்டது. ஆனால் நாட்டில் டீசலும் இல்லை, டொலரும் இல்லை. பஸ் மறுபடி நின்றது. அம்மாவும் நானும் அப்பாயியின் கொப்பியை எடுத்துக்கொண்டு, ஒரு கொழுந்து லொறியின் பின்புறத்தில் ஏறிக் கிளினிக்குக்குப் போனோம். மூன்று வகைக் குளிசையில் ஒன்றுக்கு எதிரே, வெளியில் வாங்கவும் என்று எழுதித் துண்டு தந்தார்கள். டவுன் பார்மசியில் விலை கேட்ட அம்மா, பாதி மாதத்துக்கு மட்டும் கொடுக்கச் சொன்னார். அந்தத் துண்டு இன்னும் கொப்பிக்குள்ளே மடித்தபடி இருக்கிறது.